முப்பத்தொரு நாள் பொறுத்த கையெழுத்து

1

அண்ணை செத்து ஒரு வருடம் நிறைந்த ஆட்டைத் திவசத்தை யாழ்ப்பாணத்தில் அவருடைய மகன் முறையாகச் செய்தான். லண்டனில், கிங்ஸ்பரி வீட்டில், நானும் வசந்தியும் எங்களால் ஏலுமானபடி படைத்தோம். பதினொரு கறி வைக்க வேண்டும் என்று தொடங்கிய வசந்தி, முந்தின நாள் ஷிப்ட் நீண்டுபோனதால் ஏழில் நிறுத்திக்கொண்டாள். முன்னறையில் அண்ணையின் படம், விளக்கு, வாழையிலை. இலைக்குப் பக்கத்தில், செம்பில் சாத்தி வைத்த கைபேசிக்குள் எங்கள் மகன் ஆதவன்.

அவன் எஸ்தோனியாவில் இருக்கிறான். கூடைப்பந்து ஆடுவது அவன் தொழில். லண்டன் அணி ஒன்றுக்கு ஏழு பருவங்கள் ஆடியவன் போன வருடம் அந்த இடத்தை இழந்தான். இப்போது அங்கே ஒரு சிறிய அணியில் ஆறு கிழமை ஒப்பந்தத்தில் நிற்கிறான். ஆறு கிழமை முடிந்ததும் வைத்துக்கொள்வார்களா, அனுப்பிவிடுவார்களா என்பது அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

ஆதவன் எங்களோடு பேசுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில். அம்மா, அப்பா, பெரியப்பா என்ற முறைப்பெயர்களும் சின்னச் சின்ன வசனங்களும் மட்டும் தமிழில் வரும். அன்று கற்பூரம் காட்டி முடிந்ததும் தட்டுத்தடுமாறித் தமிழிலேயே கேட்டான்.

"அப்பா, நான் சைன் பண்ணாம பொறுத்தது பெரியப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

வசந்தி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "தெரியாம இருக்குமே ராசா? அவர் பாத்துக்கொண்டுதான் இருப்பார்."

நான் கற்பூரத் தட்டைக் கீழே வைக்காமல் நின்றேன். ஓம், தெரிஞ்சிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். இந்த வீட்டில் எல்லோரும் ஒரு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிற கதை ஒன்று உண்டு. பெரியப்பா செத்த துடக்குக்காக, அந்தத் தீட்டு நாட்கள் கழியட்டும் என்று, ஆதவன் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்காமல் பொறுத்தான், அதனால் இடம் போனது என்பது அந்தக் கதை. அதில் பாதிதான் உண்மை. மற்றப் பாதி எனக்கு மட்டும் தெரியும்.

2

கூடைப்பந்து ஆடினால் சம்பளம் தருவார்களா என்று ஊரில் இன்னும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். தருவார்கள். தொலைக்காட்சியில் பார்க்கும் அமெரிக்கச் சம்பளம் இல்லை. லண்டன் அணியில் ஆதவன் வாங்கியது, பஸ் ஓட்டி நான் வாங்குவதைவிடக் கொஞ்சம் குறைவு. அவன் நட்சத்திர ஆட்டக்காரனும் இல்லை. களைத்தவனை வெளியே எடுக்கும்போது உள்ளே போவான், எதிரணியில் நன்றாக ஆடுகிறவனை மறித்துக்கொண்டு நிற்பான், வியர்வை வழிய வந்து குந்துவான். அதை ஏழு பருவம் செய்தான். அவனுடைய பெயர் பொறித்த பனியனை வசந்தி அலுமாரியில் கூறைச்சேலைக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருக்கிறாள். இதைவிட நான் என்ன சொல்ல.

எனக்கும் அந்த விளையாட்டின் மேல் பழைய மயக்கம் உண்டு. யாழ்ப்பாணத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் வெடித்த சீமெந்துத் தரையில் ஆடினோம். அண்ணை என்னைவிட நன்றாக எறிவார். ஆமிக்காரர் அந்தப் பக்கம் முகாம் போட்டபின் யாரும் ஆடவில்லை. நான் இங்கே வந்து சேர்ந்தேன், அண்ணை அங்கேயே நின்றார். என்னை ஏற்றிவிட அவர் பட்ட பாட்டை எழுதினால் அது வேறு கட்டுரை.

ஒப்பந்தத்துக்கு வருகிறேன். அவன் ஆடிய லீக்கில் அணி முதலாளிமாரும் ஆட்டக்காரர் சங்கமும் பல மாதம் இழுபறிப்பட்டு முதன்முதலாக ஓர் உடன்படிக்கை செய்தார்கள். சங்கம் அதை எல்லா ஆட்டக்காரருக்கும் அனுப்பியது. ஆதவன் அதை எனக்கு அனுப்பினான்.

"அப்பா, நீங்கள்தானே யூனியன் ஆள். வாசிச்சுச் சொல்லுங்கோ. எனக்கு விளங்கேல்லை."

அவன் சொன்னதில் பிழை இல்லை. எங்கள் பஸ் கராஜில் பத்து வருடத்துக்கு மேலாக நான் தொழிற்சங்கப் பிரதிநிதி. மனேஜர்மார் அனுப்பும் கடிதங்களில் ஒளிந்திருக்கும் வில்லங்கத்தை மணந்து பிடிப்பேன் என்று எனக்கு ஒரு பெயர். அந்தப் பெயர் தலைக்கு ஏறியிருந்தது. ஏஜென்ட் வைக்குமளவுக்கு ஆதவனுக்கு வருமானம் இல்லை. சந்தேகம் இருந்தால் அழையுங்கள் என்று சங்கமும் எழுதியிருந்தது. "எதுக்கு அவையை? நான் இருக்கிறன்," என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு ஷிப்டுக்கு இடையில் கன்டீன் மேசையில் வைத்து, பென்சிலோடு வாசித்தேன். என் பாஷையில் சொன்னால் விஷயம் இவ்வளவுதான். ஓர் அணி தன் ஆட்டக்காரர் எல்லோருக்குமாகக் கொடுக்கக்கூடிய சம்பளத்துக்கு மேலே ஒரு கூரை. கூரை முட்டிவிட்டால் அதற்குப் பிறகு யாரையும் பதிய விடமாட்டார்கள். கீழே ஒரு தரை, அதாவது இத்தனை பருவம் ஆடியவருக்கு இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்பது. அனுபவம் கூடக் கூடத் தரையும் உயரும். வயது குறைந்த புதியவர்களை எடுத்தால் அவர்கள் சம்பளத்தில் பாதிதான் கூரைக் கணக்கில் சேரும், இளையவர்களை வளர்க்க வேண்டுமாம். இவையெல்லாம் அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து. அதற்கு முன் கையெழுத்தான ஒப்பந்தங்கள் எழுதியபடியே செல்லும், புதிய தரை அவற்றைத் தொடாது.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நல்ல விதி. நானே பேசி வாங்கியிருந்தால் மாலை போட்டிருப்பார்கள். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நடுவில் நிற்பவனை என்ன செய்யும் என்று நான் யோசிக்கவில்லை. பஸ்ஸில் இத்தனை பேர்தான் ஏறலாம் என்று கணக்கு உண்டு. இரண்டு பேர் பெரிய பெட்டிகளோடு ஏறிவிட்டால் மிச்ச இடத்தில் சின்னப்பிள்ளைகளைத்தான் ஏற்றலாம். வளர்ந்த ஆளைத் தரிப்பிடத்தில் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். எத்தனை வருடம் பஸ் ஓட்டியும் எனக்கு இது அன்று எட்டவில்லை.

3

அந்தக் கிழமையே அணியின் மனேஜர் ஹெலன் ஆதவனைக் கூப்பிட்டு, இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் தருவதாகச் சொன்னாள். சம்பளம் பழையதைவிடச் சற்றுக் கூட. முதலாம் திகதிக்கு முன் கையெழுத்து வைத்துவிடு என்றாள். ஆதவன் சந்தோசமாக வந்து சொன்னான். வசந்தி பாயசம் காய்ச்சினாள்.

இரண்டு நாள் கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து அண்ணை போன செய்தி வந்தது. முதலாம் திகதிக்கு இன்னும் பதினான்கு நாள் இருந்தது. விமான ரிக்கெற்றும் லீவும் சரிவரவில்லை. செத்த வீட்டைக் கைபேசியில் நேரலையாகப் பார்த்தேன். படம் அடிக்கடி உறைந்துபோகும். பாடை படலையைத் தாண்டுவதை நான் காணவில்லை, உறைந்து எழும்பியபோது முற்றம் வெறுமையாகக் கிடந்தது. அந்த நாளில் நான் அழுத அழுகை உண்மை. அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

எங்கள் ஆட்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. அந்தியேட்டி என்ற கடைசிக் கிரியை முடியும்வரை கோயில் இல்லை, நல்ல காரியம் இல்லை. ஊரில் அப்படி. லண்டனில் அது எப்போதோ தேய்ந்துவிட்டது. சித்தப்பா செத்தபோது நான் நாலாம் நாளே பஸ் ஓட்டினேன். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பது நல்ல காரியத்தில் சேர்த்தியா என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் எழுதவில்லை.

ஆனாலும் நான் ஆதவனைக் கூப்பிட்டு இருத்திச் சொன்னேன்.

"தம்பி, பெரியப்பான்ர துடக்குக்குள்ள ஒண்டிலும் கையெழுத்து வைக்கக் கூடாது. அந்தியேட்டி முடியட்டும்."

"அப்பா, டேட் இருக்கு. அதுக்குள்ள முடிக்கச் சொன்னவை."

"அவை அப்பிடித்தான் சொல்லுவினம். பதினேழு நாள் பிந்தினால் உலகம் அழியாது. பெரியப்பா இல்லாட்டி நான் இஞ்சை இல்லை, நீயும் இல்லை."

வசந்திக்கே வியப்பு. "என்னப்பா, சித்தப்பா செத்த நேரம் இந்தத் துடக்கு எங்கை போனது?" என்றாள். "அது வேற, இது என்ர கூடப்பிறந்த அண்ணை," என்று சத்தம் போட்டேன். அவள் அடங்கிவிட்டாள். செத்த வீட்டுக்காரனோடு யார் வாதாடுவார்கள்.

இனி அந்த மற்றப் பாதி. ஹெலன் தருவதாகச் சொன்ன சம்பளம், ஏழு பருவக்காரனுக்கான புதிய தரையிலும் குறைவு. கன்டீன் மேசையில் அந்தத் தரைத் தொகைக்குக் கீழே இரண்டு கோடு கீறியிருந்தேன். முதலாம் திகதிக்குப் பிறகு கையெழுத்து வைத்தால், அதே ஆளுக்கு அதே வேலைக்கு அவள் கூடக் கொடுத்தே தீரவேண்டும். அதனால்தான் அவசரப்படுத்துகிறாள், என் பிள்ளையை மலிவாகப் பிடிக்கப் பார்க்கிறாள் என்று முடிவுகட்டினேன். ஆதவனிடம் நேரே சொன்னால் அவன் வெகுளி, அவளிடமே போய்க் கேட்டுவிடுவான். ஆகவே ஏதாவது சாட்டு வேண்டியிருந்தது. அண்ணை செத்து எனக்கு அந்தச் சாட்டைத் தந்தார். இதை எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் நடந்தது அதுதான்.

4

துடக்கைப் பற்றி ஆதவன் ஹெலனிடம் சொன்னான். அவள் நல்ல முறையில் பதில் எழுதினாள். உன் குடும்பத்தின் துக்கத்தில் பங்குகொள்கிறேன், வேண்டிய நேரத்தை எடுத்துக்கொள், ஆனால் அந்தத் திகதி என் கையில் இல்லை என்று. அந்தக் கடைசிச் சொற்களை ஆதவன் என்னிடம் இரண்டு தரம் வாசித்துக் காட்டினான். "வெருட்டுறாள்," என்றேன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்று, அமெரிக்காவிலிருந்து புள்ளிகள் குவிக்கும் ஓர் ஆட்டக்காரனை அணி எடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. அடுத்த கிழமை இன்னொருவன். ஆதவன் அவர்களின் படங்களைக் காட்டினான். "நல்ல பிளேயர்ஸ் அப்பா," என்றான். அவன் முகத்தில் உண்மையான மகிழ்ச்சி. பென்சிலை எடுத்துக் கூரைக் கணக்கை அன்றுதான் போட்டுப் பார்க்கத் தொடங்கினேன். மூன்று முறை போட்டேன், மூன்று முறையும் ஒரே விடைதான்: முதலாம் திகதிக்குப் பிறகு ஆதவனுடைய புதிய தரை அந்தக் கூரைக்குள் அடங்காது. அதன் பிறகும் சோறு இறங்கியது, வேலைக்குப் போனேன். முதலாம் திகதிக்கு இரண்டு நாள் இருந்தது. அப்போதே நான் வாயைத் திறந்திருக்கலாம். துடக்கு என்று சொல்லிச் சத்தமும் போட்டுவிட்டு, இப்போது பரவாயில்லை போய்க் கையெழுத்து வை என்றால், வசந்தி என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். மானம் பெரிதாகத் தெரிந்தது.

முதலாம் திகதி ஓசையில்லாமல் வந்து போனது. நாலாம் திகதி ஆதவன் பயிற்சிக்குப் போனபோது மண்டபக் கதவில் அவன் அட்டை வேலை செய்யவில்லை. காவலாளி தெரிந்தவர், திறந்துவிட்டார். ஏழாம் திகதி தெரிந்தவரும் திறக்கவில்லை. "சிஸ்டம் ஏதோ பிழையாம்," என்று வந்து சொன்னான். அணியின் வாட்சப் குழுவில் அவனை யாரும் நீக்கவில்லை. ஆனால் எல்லோரும் பேச்சைக் குறைத்துவிட்டார்கள். வேறொரு குழு தொடங்கியிருப்பார்கள் என்று எனக்கு விளங்கியது. அவனுக்கு விளங்கியதா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

முப்பத்தோராம் நாள் ஊரில், கீரிமலைத் தீர்த்தத்தில், அந்தியேட்டி நடந்தது. மறுநாள் காலை ஆதவன் தலைமுழுகி, விபூதி பூசி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஹெலனிடம் போனான். நான் ஷிப்டை மாற்றி அவனோடு போய், வெளியே காரில் இருந்தேன். இருபது நிமிடத்தில் வந்து பக்கத்தில் ஏறினான்.

"கூரையில் இடமில்லை என்கிறாள்," என்று ஆங்கிலத்தில் சொன்னான். "இப்போது என்னை எடுத்தால் எனக்குத் தர வேண்டிய குறைந்தபட்சச் சம்பளத்துக்கு இடமே இல்லை. அதே இடத்தில் இரண்டு புதியவர்களை எடுத்துவிட்டார்கள். அவர்கள் பாதியாகத்தான் எண்ணப்படுவார்களாம்."

"குறைச்சுத் தந்தாலும் காணும் எண்டு சொல்லேல்லையோ?"

"சொன்னேன் அப்பா. பழைய சம்பளத்துக்கே ஆடுகிறேன் என்றேன். அது முடியாதாம். தரையைவிடக் குறைத்துக் கொடுத்தால் அணிக்குத் தண்டனை. நானாகக் குறைத்து வாங்க எனக்கு உரிமை இல்லை." காரின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "அவள் அழுதாள் அப்பா."

குறைத்து வாங்கும் உரிமை யாருக்கும் இருக்கக் கூடாது என்று கராஜ் கூட்டங்களில் மேசையைத் தட்டிப் பேசியவன் நான். ஒருவன் குறைத்தால் எல்லோரும் குறைய வேண்டிவரும். அது சரியான விதி. இன்றும் அதையே சொல்வேன். சரியான விதி என் பிள்ளையைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டது.

காரை எடுக்க முன் அவன் என் தோளில் கை வைத்தான். "கவலைப்படாதேங்கோ அப்பா. பெரியப்பாவுக்காகத்தானே."

5

நல்ல ஒப்பந்தமும் ஆளை வெளியே தள்ளும் என்பது எனக்குத் தெரியாது என்று சொல்லவும் வழியில்லை. அண்ணை ஒரு நெசவாலையில் தற்காலிகத் தொழிலாளியாக இருந்தார். வேலைநிறுத்தம் செய்து ஓர் ஒப்பந்தம் வாங்கினார்கள். குறித்த காலம் விடாமல் வேலை செய்தவர் நிரந்தரம், அவருக்கு எல்லாச் சலுகையும் உண்டு என்று. ஊர்வலம் போனார்கள், பட்டாசு கொளுத்தினார்கள். அதன் பின் அந்தக் காலம் நிறைய ஒரு கிழமை இருக்கையில் ஆலை ஆட்களை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியது. அண்ணையை மூன்று தரம் அனுப்பினார்கள். நாலாம் தரம் கூப்பிட்டபோது அவர் வேலைக்குப் போகவில்லை.

"நல்ல ஒப்பந்தமடா, உள்ளுக்கு நிக்கிறவனுக்கு," என்று ஒருநாள் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டே சொன்னார். நான் அப்போது சிரித்தேன். அவருடைய சாவை நான் எதற்குச் சாட்டாக எடுத்தேன் என்று அவருக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்?

6

இடம் போனபின் லீக்கில் மற்ற அணிகளைக் கேட்டுப் பார்த்தான். எல்லா இடமும் அதே கூரை, அதே தரை. பருவம் தொடங்கிவிட்டது. வேலையில்லாதவருக்கு அரசாங்கம் தரும் பெனிபிட்டுக்கு விண்ணப்பிக்கப் போன இடத்தில், கூடைப்பந்து ஆட்டக்காரர் என்று ஒரு தொழில் அவர்களின் பட்டியலில் இல்லை. அலுவலர் பெண் கொஞ்ச நேரம் தேடிவிட்டு, விளையாட்டு மண்டப உதவியாளர் என்று பதிந்தாள். அந்தத் தாளை அவன் மடித்துப் பைக்குள் வைத்தான். நான் பார்க்காததுபோல் நின்றேன். ஏழு மாதம் ஒரு மண்டபத்தில் பந்துகளைக் கூட்டி அள்ளினான். இருபத்தொன்பது வயது. பிறகுதான் எஸ்தோனியா வந்தது.

கோபப்பட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அவனோ நாளுக்கு நாள் மென்மையாகிறான். பெரியப்பாவுக்காக ஒன்றை விட்டுக்கொடுத்தோம் என்ற எண்ணம் அவனைத் தாங்கிப் பிடிக்கிறது. புதிய அணியில் கோச்சிடம் அதைச் சொல்லியிருக்கிறான், கோச் தட்டிக்கொடுத்தாராம். விடுமுறையில் யாழ்ப்பாணம் போய்ப் பெரியப்பாவின் வீட்டைப் பார்க்க வேண்டும் என்கிறான். முன்பு கூப்பிட்டால் வெயில், நுளம்புக்கடி என்று சாட்டுச் சொன்னவன். அந்தக் கதையைப் பிடுங்கினால் அவனிடம் என்ன மிஞ்சும்? பிடுங்காமல் விட்டால், பொய்யின் மேல் என் பிள்ளை எத்தனை மாடி கட்டுவான்?

அந்தியேட்டிக்கு அச்சடித்த அண்ணையின் கல்வெட்டு, ஊரில் செத்தவரைப் பற்றிப் பாட்டும் வரலாறுமாகப் போடும் சின்னப் புத்தகம், எங்களுக்கும் தபாலில் வந்திருந்தது. ஆதவன் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். தமிழ் எழுத்து அவனுக்குத் தெரியாது. சின்ன வயதில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கும் பயிற்சிக்கும் நேரம் மோதியபோது, பயிற்சிக்குப் போகட்டும் என்று சொன்னவன் நான்தான். இப்போது அங்கே அறையில் தனியே இருந்து, கைபேசியில் அரிச்சுவடி பார்த்து, அந்தக் கல்வெட்டை எழுத்துக் கூட்டுகிறான்.

போன ஞாயிறு கைபேசியில் எனக்கு வாசித்துக் காட்டினான். அரைப் பக்கத்துக்கு இருபது நிமிடம் எடுத்தது. ழகரம் எல்லாம் சரியாக வந்தது.

"அப்பா, இது முடியப்போகுது. பிறகு வாசிக்க ஒண்டும் இல்லை. அம்மா சொன்னா, நீங்கள் ஏதோ எழுதுறீங்களாம்."

"அது சும்மா. பஸ் கதை, யூனியன் கதை."

"பெரியப்பா இருக்கிறாரோ அதுக்குள்ள?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. "ஓம், இருக்கிறார்," என்றேன்.

"அப்ப அனுப்புங்கோ. ஸ்லோவா வாசிப்பன்."

வசந்திக்கு நேற்றுச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து இருந்தாள். பிறகு, "நீங்கள் போனில சொல்லாதேங்கோ. அவன் வாசிக்கட்டும். வாசிச்சா நிப்பாட்டி நிப்பாட்டித்தான் விளங்கும்," என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. இன்றும் பேசவில்லை.

ஆகவே இதில் ஒரு சொல்லையும் மாற்றாமல் அனுப்பப் போகிறேன். அவன் வாசிக்கும் வேகத்துக்கு முதற்பகுதி ஒரு கிழமை எடுக்கும். இரண்டாவதில் விதிகள் இருக்கின்றன, இன்னும் கூட எடுக்கும். மற்றப் பாதி இருக்கிற மூன்றாம் பகுதியின் கடைசிப் பந்திக்கு எப்போது வந்து சேர்வான் என்று நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தேன். அவனுடைய ஆறு கிழமை முடிகிற நாட்களும் அவைதான். அந்தக் கிழமை தொலைபேசி அடித்தால், அவனை அணி அனுப்பிவிட்டது என்று சொல்ல அடிக்கிறானா, வாசித்து முடித்துவிட்டு அடிக்கிறானா என்று எடுக்கும்வரை எனக்குத் தெரியாது.